பட்டா தேடினால் முதலில் வருவது யார்?

சித்தேரி மலையிலோ பென்னாகரம் பக்கத்திலோ நின்றுகொண்டு கூகுளில் 'பட்டா சிட்டா' என்று தேடுறீங்க. சிக்னல் ஒரே ஒரு கோடு. முதலில் வந்ததைத் தட்டுறீங்க. அது அரசு இணையதளம்தானா?

தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும்போது, பக்கம் திறக்கும் வேகத்தையும் கூகுள் பார்க்கிறது. கணினித் தேடலில் 2010 முதல், மொபைல் தேடலில் 2018 ஜூலை முதல் இப்படித்தான். பக்கத்தின் முக்கியப் பகுதி இரண்டரை வினாடிக்குள் திரையில் தெரிய வேண்டும் என்பது அதன் அளவுகோல். பெரிய பெரிய போட்டோக்களை அப்படியே ஏற்றி வைத்த தளம் இதில் பின்தங்கும். அரசுத் தளத்துக்கும் சலுகை கிடையாது, ஒத்துக்கத்தான் வேணும்.

வேகம் மட்டும் போதாதுதான். கேட்டதற்குப் பொருத்தமான தகவல் இருக்கிறதா என்பதே பெரிது. ஆனால் அதே தகவல் இரண்டு தளங்களில் இருந்தால், சட்டென்று திறப்பது முந்திக்கொள்ளலாம். இதற்கெல்லாம் மேலே, காசு கட்டிய விளம்பரம் உட்கார்ந்திருக்கும்.

அதனால் இடத்தைப் பார்க்காதீங்க, முகவரியைப் பாருங்க. முதல் சாய்கோட்டுக்கு முன்னால் 'ஜிஓவி டாட் இன்' அல்லது 'என்ஐசி டாட் இன்' என்று முடியணும். நடுவில் எங்கேயோ வந்தால் கணக்கில்லை. பட்டா, சிட்டாவுக்கு 'இசர்வீசஸ் டாட் டிஎன் டாட் ஜிஓவி டாட் இன்'. தருமபுரி மாவட்டத் தளம் 'தர்மபுரி டாட் என்ஐசி டாட் இன்'.

பட்டாவைப் பார்வையிடக் கட்டணம் இல்லை; கேட்டால் வெளியே வந்துடுங்க. பணம் போய்விட்டால் உடனே 1930-க்கு அழையுங்க.

சரியான பக்கம் ஒருமுறை திறந்ததும் போனின் முகப்புத் திரையில் சேர்த்துக்கோங்க. அடுத்த தடவை தேடவே வேண்டாம்.