வேகமா, உறுதியா? இயங்குதளத்தை மாற்றுமுன் எண்ண வேண்டியவை

புலம்பெயர்ந்த மண்ணில் எமது இல்லங்களின் ஒரு மூலையில் இருக்கும் பழைய கணினியை வெறும் இயந்திரம் என்று எண்ணிவிடலாகாது. அன்று ஊரில் பெட்டகத்தில் பூட்டி வைத்திருந்த காணி உறுதியும் பிறப்பு அத்தாட்சிப் பத்திரமும் இன்று பிரதிகளாக அதற்குள்தான் உறங்குகின்றன. தஞ்சக் கோரிக்கைக்காக எழுதிய வாக்குமூலம், சட்டத்தரணியின் கடிதங்கள், இனி ஒருபோதும் எடுக்க முடியாத ஒளிப்படங்கள் யாவும் அதன் வன்தட்டில் உள்ளன.

இத்தகைய கணினிகளின் திரையில், விண்டோஸ் 11 இயங்குதளத்திற்கு மாறுமாறு கேட்கும் அறிவித்தலைப் பலரும் கண்டிருப்பர். 2015 ஜூலையில் வெளிவந்த விண்டோஸ் 10 இயங்குதளத்திற்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் 2025 ஒக்டோபர் 14ஆம் நாளுடன் முடித்துக்கொண்டது. அதனால் கணினி நின்றுவிடவில்லை. ஆயினும் புதிதாகக் கண்டறியப்படும் ஓட்டைகளை அடைக்கும் திருத்தங்கள் அதற்கு முன்போல் கிடைப்பதில்லை. மாறினால் கணினி வேகம் குன்றுமோ, கோப்புகள் கெடுமோ என்ற அச்சம் ஒருபுறம். மாறாதிருந்தால் திருடர் புகுவரோ என்ற அச்சம் மறுபுறம்.

இருபுறமும் கண்ட பாடம்

இவ்விரு அச்சங்களும் வீணானவை அல்ல என்பதற்கு அண்மைக்கால வரலாறே சான்று. 2017 மே 12ஆம் நாள் 'வன்னாக்றை' என்ற தீய நிரல் உலகெங்கும் பரவியது. கோப்புகளைப் பூட்டி வைத்துக்கொண்டு அது பணம் கேட்டது. இங்கிலாந்தின் மருத்துவமனைகள் நோயாளரின் சந்திப்புகளை இரத்துச் செய்ய நேர்ந்தது. அந்த நிரல் நுழைந்த ஓட்டையை அடைக்கும் திருத்தம் அதற்கு இரண்டு மாதங்களுக்கு முன்னரே, மார்ச் மாதத்தில், வெளியாகியிருந்தது. நிறுவாதிருந்தோரே பெரிதும் பாதிக்கப்பட்டனர்.

மறு ஆண்டு நிகழ்ந்தது இதற்கு நேர்மாறானது. 2018 ஒக்டோபர் 2ஆம் நாள் விண்டோஸ் 10க்கான பெரிய மேம்படுத்தல் ஒன்று வெளிவந்தது. அதனை உடனே நிறுவிய சிலரின் ஆவணங்களும் படங்களும் காணாமற்போயின. சில நாட்களுக்குள் அதனை மீளப் பெற்றுக்கொண்ட நிறுவனம், பிழையைத் திருத்தி நவம்பரிலேயே மீண்டும் வெளியிட்டது. ஆக, முதலாண்டில் தாமதித்தோர் இழந்தனர். அடுத்த ஆண்டில் அவசரப்பட்டோர் இழந்தனர். இரு நிகழ்விலும் தப்பியவர்கள் தம் கோப்புகளுக்கு வேறிடத்தில் பிரதி வைத்திருந்தவர்களே.

வேகம் எங்கிருந்து வருகிறது?

புதிய இயங்குதளம் பழைய கணினியை விரைவுபடுத்தும் என்பது பொதுவாக நிறைவேறாத எதிர்பார்ப்பு. 2007இல் வெளிவந்த விஸ்டா, எக்ஸ்பி நன்றாக ஓடிய பல கணினிகளைத் தள்ளாட வைத்ததைப் பலரும் மறந்திருக்க மாட்டார்கள். விண்டோஸ் 11க்குக் குறைந்தது 4 ஜிகாபைட் நினைவகமும் 64 ஜிகாபைட் சேமிப்பிடமும் வேண்டும் என்கிறார்கள். அந்த அளவு நினைவகத்துடன் அது ஓடும். ஆயினும் தவழ்ந்தே ஓடும்.

பழைய கணினியின் தாமதத்திற்கு முதற்காரணம் பெரும்பாலும் சுழலும் வன்தட்டே. அதன் முனை ஒவ்வொரு கோப்பையும் தேடி அங்குமிங்கும் நகர வேண்டியுள்ளது. அசையும் உறுப்பு எதுவுமற்ற எஸ்.எஸ்.டி. தட்டு ஒன்றைப் பொருத்தி, நினைவகத்தையும் 8 ஜிகாபைட்டாக உயர்த்தினால் கிடைக்கும் வேகத்தை எந்த இயங்குதளமும் தந்துவிடாது.

எல்லாக் கணினிகளும் விண்டோஸ் 11ஐ ஏற்பதுமில்லை. டி.பி.எம். 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு அதற்கு வேண்டும். இன்டெல் செயலியாயின் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதற்குப் பிந்தியதோ ஆக இருத்தல் வேண்டும். இத்தடையைத் தாண்டி நிறுவித் தரும் கடைகளும் உண்டு. ஆனால் அவ்வாறு நிறுவிய கணினிக்குத் திருத்தங்கள் தொடர்ந்து கிடைக்கும் என்ற உறுதி இல்லை. பாதுகாப்பை நாடி மாறுபவர்க்கு அதனால் என்ன பயன்?

உடனே மாற இயலாதோர்க்கும் வழி அடைபடவில்லை. விண்டோஸ் 10க்கான பாதுகாப்புத் திருத்தங்களை 2026 ஒக்டோபர் 13 வரை நீட்டித்துத் தருவதாக நிறுவனம் அறிவித்தது. பிரான்ஸ், ஜேர்மனி, நோர்வே, டென்மார்க் முதலிய ஐரோப்பியப் பொருளாதார வலய நாடுகளில் இதற்குக் கட்டணமில்லை. மைக்ரோசொஃப்ட் கணக்கு ஒன்று போதும். வலயத்திற்கு வெளியேயுள்ள பிரித்தானியா, சுவிற்சர்லாந்து, கனடா ஆகிய நாடுகளில் கணினியின் அமைப்புகளை அக்கணக்கில் சேமிக்க இசைய வேண்டும், அல்லது 30 டொலர் செலுத்த வேண்டும். லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளங்களும் பழைய கணினிகளில் நன்றாகவே இயங்குகின்றன.

பாமினி சொன்ன பாடம்

எம் வீட்டில் நேர்ந்ததையும் இங்கே கூறுதல் தகும். கடையொன்றில் கொடுத்துப் புதிய இயங்குதளம் நிறுவிய கணினியில், தந்தையார் பல மாதங்கள் தட்டெழுதிய குடும்ப வரலாற்றைத் திறந்தோம். ஆங்கில எழுத்துகளே திரையை நிறைத்தன. புள்ளி வைத்த மெய்யெழுத்து ஒவ்வொன்றின் பின்னும் ஓர் அரைப்புள்ளி நின்றது. தந்தையார் எதுவும் பேசாமல் எழுந்து போய்விட்டார். கோப்பு அழியவில்லை, பாமினி எழுத்துரு மட்டுமே அழிந்திருந்தது. அதனை மீண்டும் நிறுவியதும் எழுத்துகள் உயிர்பெற்றன. எனினும் அந்த ஓர் இரவின் கலக்கத்தை நாம் மறக்கவில்லை.

ஆகவே, எம்மவர்க்கு உறுதி என்பது கணினி நின்றுபோகாமல் ஓடுவது மட்டுமன்று. நேற்று எழுதியது நாளையும் தமிழாகவே திறக்க வேண்டும்.

செய்யத்தக்கவை

முதலில், கோப்புகள் அனைத்தையும் வெளித்தட்டு ஒன்றில் படியெடுத்து, கணினியிலிருந்து கழற்றித் தனியே வையுங்கள். எழுத்துருக்களையும் அதனுடன் சேருங்கள். பாமினியில் உள்ள ஆவணங்களைப் பி.டி.எஃப். வடிவிலும் சேமியுங்கள், எழுத்துரு அதனுள்ளேயே பதிந்திருக்கும். யூனிகோட்டிற்கு மாற்றிய படியொன்றும் இருத்தல் நன்று. கணினியைக் கடையில் கொடுக்குமுன் வழக்குக் கோப்புகளை அதிலிருந்து அகற்றிவிடுங்கள்.

மாறிய பின்னர் முதல் 10 நாட்களுக்குள் பழைய இயங்குதளத்திற்கு மீள வழியுண்டு. அந்நாட்களை வீணாக்காது ஆவணங்கள், அச்சுப்பொறி, தமிழ் விசைப்பலகை ஆகியவற்றை ஒவ்வொன்றாகச் சோதியுங்கள். புதிய இயங்குதளம் வன்தட்டை மறையாக்கிப் பூட்டியிருப்பின், அதனைத் திறக்கும் 48 இலக்க மீட்பு எண்ணைத் தாளில் எழுதிக் கடவுச்சீட்டுடன் வையுங்கள்.

நீதிமன்ற விசாரணைக்கு முந்திய வாரத்தில் மட்டும் இம்மாற்றத்தைச் செய்யாதீர்கள். வேகத்தை விலைகொடுத்து எப்போதும் வாங்கலாம். பிரதியின்றிப் போன பத்திரத்தை எந்நாட்டுக் கடையிலும் வாங்க முடியாது.