கயிறு பிடித்த கை

தூத்துக்குடி மீன்பிடித் துறைமுகத்தில் விசைப்படகுகளுக்கென்று ஒரு நேரக் கட்டுப்பாடு உண்டு. காலை 5 மணிக்குக் கடலுக்குப் போனால் இரவு 9 மணிக்குள் கரை திரும்ப வேண்டும். அப்பா கிளம்பும்போது பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். அப்பா வரும்போது படுக்கப் போயிருக்கும். உப்பளத்துக்குப் போகிற அம்மா, வெயில் ஏறுவதற்குள் பாதி வேலையாவது முடிய வேண்டும் என்று பொழுது விடியும் முன்பே அடுப்பைப் பற்றவைக்கிறார். அப்பாவுக்குக் கப்பலில் வேலை என்றால் கேட்கவே வேண்டாம், மாதக்கணக்கில் செல்போன் திரையில்தான் முகம். இந்த ஊரில் பதினாறு வயதுப் பிள்ளை ஒன்றுக்கு மனசு சரியில்லாமல் போனால், அதைக் கவனிக்க வேண்டியவர்கள் வீட்டில் இருக்கும் நேரமே கொஞ்சம்.

இப்படி ஒரு வீட்டைக் கற்பனை செய்துகொள்ளலாம். பிளஸ் ஒன் படிக்கும் பையன். இரண்டு வாரமாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. தினமும் காலையில் வயிற்றுவலி. பள்ளி மணி அடித்து ஒரு மணி நேரமானால் வலி போய்விடுகிறது. சாப்பாடு பாதியில் நிற்கிறது. இரவெல்லாம் அறையில் வெளிச்சம் தெரிகிறது. “எல்லாம் நடிக்கான்” என்கிறார் சித்தப்பா. “அந்தச் செல்லப் புடுங்கி வையி, தன்னால எந்திரிப்பான்” என்கிறார் ஆச்சி. அம்மா கதவைத் தட்டித் தட்டி ஓய்ந்துபோய்க் கடைசியில் சொல்கிறார்: “ஒனக்காகத்தானலே இந்த உப்புல கெடந்து சாகுதேன்.”

அந்தச் சொல்லில் பொய் ஒன்றும் இல்லை. உப்புநீரில் நின்று நின்று வெடித்துப்போன பாதத்தோடுதான் அவர் நிற்கிறார். ஆனால் கதவுக்கு அந்தப் பக்கம் அது போய்ச் சேரும்போது வேறு வார்த்தையாகிவிடுகிறது. ‘இந்த வீட்டுக்கு நான் பாரம்’ என்று பையன் காதில் விழுகிறது. சொன்ன வார்த்தைக்கும் கேட்ட வார்த்தைக்கும் நடுவே கிடக்கும் இந்தத் தூரத்தில்தான் பரிவை அடிப்படையாகக் கொண்ட குடும்பச் சிகிச்சை வேலை செய்கிறது.

வளரிளம் பருவத்து மனச்சோர்வும் பதற்றமும் அரிதானவை அல்ல. 10 முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதோ ஒரு மனநலச் சிக்கல் இருப்பதாக உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் முன்னின்று நடத்திய 2015-16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பு 13 முதல் 17 வயது வரையுள்ளவர்களிடம் கண்டது 7.3 சதவீதம். நாற்பது பேர் உட்கார்ந்திருக்கும் ஒரு வகுப்பறைக்குக் கிட்டத்தட்ட மூன்று பேர். அவர்கள் பெரும்பாலும் ‘எனக்கு மனசு சரியில்லை’ என்று சொல்வதில்லை. தலைவலி என்பார்கள், நெஞ்சு படபடங்குது என்பார்கள், எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவார்கள். வீட்டில் அதற்குப் பெயர் கொழுப்பு.

பரிவை அடிப்படையாகக் கொண்ட இந்தச் சிகிச்சையின் வேர் இங்கிலாந்தில் இருக்கிறது. பால் கில்பர்ட் என்ற உளவியலாளர் மனச்சோர்வு நோயாளிகளோடு வேலை செய்தபோது ஒன்றைக் கவனித்தார். ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்று நினைப்பவர்களுக்கு மாற்று எண்ணங்களைக் கற்றுக்கொடுத்தால் கற்றுக்கொண்டார்கள். அந்த மாற்று எண்ணங்கள் நியாயம்தான் என்று ஒத்துக்கொள்ளவும் செய்தார்கள். மனசு மட்டும் ஆறவில்லை. அந்த நல்ல வார்த்தைகளை உள்ளுக்குள் என்ன குரலில் சொல்லிக்கொள்கிறீர்கள் என்று கேட்டபோதுதான் விஷயம் பிடிபட்டது. வார்த்தை மாறியிருந்ததே தவிர, குரல் அதே அதட்டும் குரலாக இருந்தது. அங்கிருந்துதான் பரிவு மையச் சிகிச்சை வளர்ந்தது.

மனத்துக்கு மூன்று ஓட்டங்கள் உண்டு என்று கில்பர்ட் விளக்குகிறார். ஆபத்தை மோப்பம் பிடித்து உடம்பை உலுக்குவது ஒன்று. வேண்டியதைத் தேடி ஓட வைப்பது இன்னொன்று. பாதுகாப்பாக இருக்கிறோம் என்று அடங்கி ஆறுவது மூன்றாவது. முதல் ஓட்டம் எப்படிப்பட்டது என்று தூத்துக்குடி மாவட்டத்துக்காரர்களுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. தாமிரபரணிக் கரை ஊர்கள் தண்ணீரில் கிடந்தன. அப்படி ஒரு ராத்திரியைப் பார்த்த பிள்ளை அடுத்த வருஷம் சாதாரணத் தூறலுக்கே விழித்து உட்காரலாம். ‘மழைக்கெல்லாமா பயப்படுவாங்க, ஆம்பளப் புள்ள’ என்றால் பயம் போகாது. பயத்தோடு வெட்கமும் சேர்ந்துகொள்ளும், அவ்வளவுதான். பக்கத்தில் வந்து உட்கார்ந்து முதுகில் கை வைக்கும்போதுதான் மூன்றாவது ஓட்டம் விழிக்கிறது.

பதின்வயதுப் பிள்ளைக்கு அந்தக் கை பெரும்பாலும் வீட்டிலிருந்துதான் வர வேண்டும். வாரம் ஒரு மணி நேரம் ஆலோசகரிடம் ஆறுதல் கிடைத்து, மற்ற நேரமெல்லாம் வீட்டில் குத்தல் பேச்சு கிடைத்தால் சிகிச்சை எங்கே நிற்கும்? இதற்கு ஆய்வுச் சான்று பழையது. 1950களின் கடைசியில் லண்டனில் ஜார்ஜ் பிரௌனும் அவரது குழுவினரும் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய மனச்சிதைவு நோயாளிகளைப் பின்தொடர்ந்தார்கள். பெற்றோரிடமோ மனைவியிடமோ திரும்பிப் போனவர்களுக்கு நோய் மறுபடி வருவது அதிகமாக இருந்தது. ஓயாத குறைகூறல், பகைமை, மூச்சுமுட்டும் அளவுக்கு மீறிய அக்கறை என்று அந்த வீட்டுச் சூழலை அளக்கும் வழிகள் பின்னால் உருவாயின. மனச்சோர்வு உள்ளவர்களின் குடும்பங்களிலும் அவை பயன்பட்டன. பிறகு சண்டிகரில் இதே அளவுகோலை வைத்துப் பார்த்தபோது, குறைகூறல் லண்டனைவிடக் குறைவாகவே இருந்தது. இந்தியக் குடும்பத்தின் பலம் அது.

ஆனால் தமிழ் வீடுகளில் இன்னொரு பழக்கமும் இருக்கிறது: பாசத்தை மறைத்து வைப்பது. அமெரிக்க மானிடவியலாளர் மார்கரெட் ட்ராவிக் தமிழகத்துக் குடும்பம் ஒன்றோடு வாழ்ந்து, அன்பைப் பற்றி 1990இல் ஒரு புத்தகம் எழுதினார். தாயின் பாசமே பிள்ளைக்குக் கண்ணேறாகிவிடும் என்ற பயத்தில் அதை அடக்கி வைப்பதையும், சில நேரம் கடுமையாகவே வெளிக்காட்டுவதையும் அவர் பதிவு செய்திருக்கிறார். நமக்கு இது தெரியாததா? முகத்துக்கு நேரே பிள்ளையைப் புகழாத அப்பா, பக்கத்து வீட்டில் போய்ப் பெருமை பேசுவார். கைக்குழந்தைக்கு அதனால் நஷ்டமில்லை, அது மடியில் கிடக்கிறது. மடியை விட்டு இறங்கிய பதினாறு வயதுக்குத் திட்டு மட்டும்தான் மிஞ்சுகிறது.

குடும்பத்தையே சிகிச்சைக்குள் கொண்டுவருவதில் இந்தியாவுக்கு உலகுக்குச் சொல்லும்படியான வரலாறு உண்டு. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளிகளின் உறவினர்கள் தங்க வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் கொடுத்தார். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியின் பாகாயம் மனநல மையம் 1957இல் தொடங்கியது. கனடாவிலிருந்து வந்த டாக்டர் ஃப்ளாரன்ஸ் நிக்கல்ஸ் முன்னின்ற அந்த மையத்தில், நோயாளியோடு குடும்பத்தில் ஒருவர் கூடவே தங்குவது வழக்கமானது. துணிமணி, பாத்திரங்களோடு வந்து தங்கி, தங்கள் பிள்ளையோடு எப்படிப் பேசுவது என்று அங்கே கற்றுக்கொண்டுபோன குடும்பங்கள் எத்தனையோ. பெங்களூரு நிம்ஹான்ஸில் குடும்ப மனநல மையம் 1970களிலிருந்து இயங்குகிறது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும், 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவரை உள்நோயாளியாகச் சேர்த்தால் பொறுப்பாளர் ஒருவர் முழு நேரமும் கூட இருக்க வேண்டும் என்கிறது.

சிகிச்சை அறையில் என்ன நடக்கிறது? முதலில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதில்லை. அந்த உப்பளத்து அம்மாவிடம், நீங்கள் பேசியது தப்பு என்று ஆரம்பித்தால் அடுத்த முறை அவர் வரமாட்டார். அரை நாள் கூலியை விட்டுவிட்டு வந்திருப்பவர் அவர். கதவு திறக்காத அந்தக் காலை நேரத்தில் உங்கள் உடம்புக்குள் என்ன நடந்தது என்று கேட்கிறார்கள். அடிவயிறு கலங்கியது என்பார். என்ன பயம் என்றால், ‘எம்புள்ளைக்கு ஏதும் ஆயிருமோன்னுதான்’ என்பார். கோபத்துக்கு அடியில் இருந்த பயம் வெளியே வரும்போது பையன் நிமிர்ந்து பார்க்கிறான். அம்மாவின் குரலில் அதை அவன் கேட்டதே இல்லை.

பிறகு பயிற்சி. மூச்சைச் சீராக, மெதுவாக விடப் பழகுவது. உடம்பு அடங்கிய பிறகே கதவுக்குப் போவது. யோசனை சொல்லும் முன்பு, பிள்ளை சொன்னதைத் திருப்பிச் சொல்லிக் காட்டுவது. ‘பள்ளிக்கூடத்த நெனச்சாலே வயிறு பெரட்டுது, அப்படித்தான?’ அவ்வளவு போதும். பார்க்க எளிதாகத் தெரிகிறது. வாயில் வருவதற்கு வாரங்கள் ஆகும். தனக்கே அப்படி யாரும் பேசிக் கேட்டிராத அப்பாவுக்கு அந்த வார்த்தை தொண்டையில் சிக்கும். பரிவைக் கண்டு பயப்படுகிறவர்கள் உண்டு என்று கில்பர்ட்டே எழுதியிருக்கிறார்: இளகினால் பிள்ளை கெட்டுப்போகும், நாமும் உடைந்துபோவோம் என்ற பயம். அந்தப் பயத்துக்கும் சிகிச்சையில் இடம் உண்டு.

பரிவு என்றால் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவது என்று அர்த்தமில்லை. பள்ளிக்குத் திரும்ப வேண்டும். முதல் வாரம் வாசல் வரை, அடுத்த வாரம் இரண்டு பாடவேளை என்று படிப்படியாக. தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. வீட்டில் குடியும் அடியும் இருந்தால் முதலில் பிள்ளையின் பாதுகாப்பு; சேர்த்து உட்கார வைப்பதெல்லாம் அப்புறம். பதின்வயதினருக்கான இந்த முறையில் ஆய்வுகள் இன்னும் பெரியவர்கள் அளவுக்குச் சேரவில்லை என்பதையும் மறைக்கத் தேவையில்லை.

இந்தக் கடற்கரைக்குப் பரிவு என்ன என்று சொல்ல ஒரு பழைய உதாரணம் கையிலேயே இருக்கிறது. இங்கே பெரிய முத்துக்குளிப்பு 1961ஓடு நின்றுவிட்டது. கல்லைக் காலில் மாட்டிக்கொண்டு ஒருவர் அடியில் இறங்குவார். மேலே வள்ளத்தில் இன்னொருவர் கயிற்றைப் பிடித்திருப்பார். கீழே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. கத்தினாலும் கீழே கேட்காது. கயிறு அசைகிறதா என்பதில்தான் அவர் கவனம் முழுக்க இருக்கும். அந்த வேலைக்கு மச்சானைத்தான் நம்பினார்கள் என்று இங்கே சொல்வதுண்டு. தன் கூடப்பிறந்தவள் தாலியை நினைத்தாவது அவன் கண்ணயர மாட்டானாம்.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. 14416 என்ற எண்ணில் ‘நட்புடன் உங்களோடு’ மனநல சேவை இரவு பகலாகத் தமிழில் கிடைக்கிறது. சாக வேண்டும் போலிருக்கிறது என்று பிள்ளை ஒரு முறை சொன்னாலும், ‘சும்மா மெரட்டுதான்’ என்று விட்டுவிடாமல் அன்றைக்கே கூப்பிட வேண்டிய எண் அது.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு கரையில் நிற்கும்; அப்பா வீட்டில் இருப்பார், கையில் காசிருக்காது. பொதுத் தேர்வு முடிவுகள் வருவதும் அந்த நாட்களில்தான். வருஷத்திலேயே சண்டை அதிகமாக வெடிக்கக்கூடிய நேரம் அது. இரவு 9 மணிக்குப் பதிலாகச் சாயங்காலம் 5 மணிக்கு அப்பா வீட்டில் இருக்கும் நேரமும் அதுவே. அந்த வீட்டில் அவர் வலையைப் பொத்துவதற்கு வாசல் திண்ணைக்குப் போகாமல், பையனின் அறைக் கதவுக்கு வெளியே பாயைப் போட்டு உட்காரலாம். ஒன்றும் கேட்க வேண்டியதில்லை. “நான் இங்கனதாம்ல இருக்கேன்” என்று ஒரு தடவை சொல்லிவிட்டு, வலையில் அடுத்த கண்ணியை எடுக்கலாம்.