விக்கித் தளங்களிற் காட்சித் தொகுப்பி: நிறுவுதலும் பேணுதலும்

எழுத்தறிவு பரவிய சமூகங்களிலும் எழுதி வெளியிடும் வாய்ப்பு எல்லோருக்கும் ஒரே அளவிற் கிட்டிவிடுவதில்லை. அச்சியந்திரத்தையும் காகிதத்தையும் விநியோக வழிகளையும் தம் கையில் வைத்திருந்தோரே எது அச்சேற வேண்டும் என்பதை நெடுங்காலமாகத் தீர்மானித்து வந்தனர். 1995ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் அமெரிக்கச் செய்நிரலாளர் வார்ட் கன்னிங்ஹாம் வெளியிட்ட 'விக்கிவிக்கிவெப்' என்னும் இணையத்தளம் இந்நிலையிற் சிறியதோர் உடைப்பை ஏற்படுத்தியது எனலாம். அங்கே வாசகர் எவரும் பக்கத்தைத் திறந்து திருத்த முடிந்தது. 2001 யனவரியில் தோன்றிய விக்கிப்பீடியாவும், அதன் தேவைக்கென 2002இல் எழுதப்பெற்றுப் பின்னர் மீடியாவிக்கி எனப் பெயர்பெற்ற மென்பொருளும் அக்கோட்பாட்டின் வழிவந்தவையே. ஈழத்துத் தமிழ் நூல்களையும் சஞ்சிகைகளையும் இலத்திரனியல் வடிவிற் பேணிவரும் நூலகம் இணையத்தளமும் மீடியாவிக்கியிலேயே கட்டியெழுப்பப்பட்டது. ஆகையால் அம்மென்பொருளின் முக்கியமான ஒரு நீட்சியைப் பற்றி இங்கு நோக்குவது எமது வாசகர்க்குப் புறம்பான விடயமாகாது.

எவரும் திருத்தலாம் என்ற கூற்றுக்கும் நடைமுறைக்கும் இடையே தொடக்கத்திலிருந்தே ஒரு முரண்பாடு இருந்து வந்தது. விக்கிப் பக்கமொன்றைத் திருத்த முனைபவர் காண்பது தாம் வாசித்த பக்கத்தையன்று. அதன் பின்னாலுள்ள குறியீட்டையே காண்கின்றார். ஒரு சொல்லின் இருமருங்கும் இரண்டு ஒற்றை மேற்கோட்குறிகள் இட்டால் சாய்வெழுத்து, மூன்று இட்டால் தடித்த எழுத்து, இரட்டைச் சதுர அடைப்பினுள் இட்டால் இணைப்பு என்றவாறு அது அமையும். இவ்வளவோடு நின்றிருப்பின் அரைமணி நேரத்தில் எவரும் பழகிவிடலாம். ஆயின், அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் வார்ப்புருக்களும் பெருகப் பெருக, நீண்ட கட்டுரையொன்றின் தொடக்கம் செய்நிரலாளரின் பட்டறை போலத் தோற்றமளிக்கலாயிற்று. துறையறிவு மிக்க முதிய ஆசிரியர் ஒருவர் பின்வாங்க, குறியீடறிந்த இளைஞர் முன்னிற்கும் நிலை உருவானது. ஆங்கில விக்கிப்பீடியாவின் முனைப்பான பங்களிப்பாளர் தொகை 2007இல் உச்சத்தை அடைந்து பின்னர் வீழ்ச்சியுற்றபோது, இக்குறியீடே முதன்மையான தடைகளுள் ஒன்றெனக் கருதப்பட்டது.

இதற்குத் தீர்வாக விக்கிமீடியா நிறுவனம் உருவாக்கியதே காட்சித் தொகுப்பி. பக்கம் வாசகருக்கு எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே தோன்றும் நிலையில் அதனைத் திருத்துவதற்கு அது இடமளிக்கின்றது. சொற்செயலியில் கடிதம் எழுதியோர்க்கு இது எளிதான வசதியாகவே படும். ஆனால், விக்கியைப் பொறுத்தவரை இது மிகக் கடினமான பணியாயிற்று. அதன் காரணத்தை விளங்கிக்கொள்ளாது இந்நீட்சியை நிறுவ முற்படுவோர் இடர்ப்படுவது திண்ணம்.

விக்கிக் குறியீட்டிற்கு முறையான இலக்கணம் வகுக்கப்படவில்லை. மீடியாவிக்கியின் செய்நிரல் எதனை எவ்வாறு காட்டியதோ அதுவே இலக்கணமாகக் கொள்ளப்பட்டது. மூடப்படாத குறிகளையும் பாதியில் விடப்பட்ட அட்டவணைகளையும் கூட அது பொறுத்துக்கொண்டு ஏதோ ஒரு வடிவிற் காட்டிவிடும். குறியீட்டிலிருந்து காட்சிக்குச் செல்லும் வழி இவ்வாறு ஒருவழிப் பாதையாக இருந்தது. காட்சித் தொகுப்பிக்கோ திரும்பி வரும் வழியும் வேண்டும். திருத்திய காட்சியை மீண்டும் குறியீடாக்கிச் சேமித்தாக வேண்டும். இவ்விரு வழிப் பெயர்ப்புக்கென 2012 அளவில் உருவானதே பார்சொயிட் என்னும் செய்நிரல்.

பார்சொயிட்டின் நுட்பத்தை ஏட்டுச்சுவடிப் பிரதியாக்கத்தோடு ஒப்பிட்டு விளக்கலாம். ஒரு பாடலில் ஓரெழுத்தைத் திருத்தும்படி பணிக்கப்பட்டவர், சுவடி முழுவதையும் தமது எழுத்து வழக்கிற்கேற்ப மீண்டும் எழுதிவிட்டால், பின்வரும் ஆராய்ச்சியாளர் எது மூலம், எது திருத்தம் என்று அறிய இயலாது போய்விடும். விக்கியிலும் நம்பிக்கையின் அடித்தளம் வரலாற்றுப் பக்கமே; யார், எப்போது, எதனை மாற்றினார் என்பதை அது காட்டுகின்றது. ஒரு சொல்லைத் திருத்தியவரின் பெயரில் நூறு வரி மாறியதாகப் பதிவாயின் அப்பக்கம் பயனற்றதாகும். ஆகவே, பயனர் தொடாத பகுதிகளுக்கு மூலக் குறியீட்டையே எடுத்து, தொட்ட பகுதியை மட்டும் புதிதாக எழுதும் முறையைப் பார்சொயிட் கையாள்கின்றது. எமது கருத்தில், இந்நீட்சியின் உயிர்நிலை திரையிலே தெரியும் பொத்தான்களைக் காட்டிலும் இம்முறையிலேயே தங்கியுள்ளது.

2013 யூலையில் ஆங்கில விக்கிப்பீடியாவில் பதிவுசெய்த பயனர் அனைவர்க்கும் காட்சித் தொகுப்பி இயல்பாகத் திறக்கும்படி செய்யப்பட்டது. முதிராத நிலையில் அது வெளியாயிற்று. பழக்கத்தினால் சதுர அடைப்புக்குறிகளைத் தட்டச்சிட்டோரின் பக்கங்களில் வேண்டாத கட்டளைக் குறிகள் புகுந்தன. சதுரங்கக் காலாட்காயின் உருவங்கூடச் சில கட்டுரைகளுள் நுழைந்தது. அவற்றைத் துப்புரவு செய்யும் சுமை ஊதியம் பெறாத தொண்டர்களின் தலைமீது விழுந்தது. ஜெர்மன் விக்கிப்பீடியர் வாக்கெடுப்பு நடத்தி எதிர்த்தனர். ஆங்கிலத் தளத்திலும் அதே ஆண்டு செப்ரெம்பரில் இயல்பு நிலை நீக்கப்பட்டு, விரும்புவோர் மட்டும் தெரிவுசெய்யும் நிலைக்கு அது தள்ளப்பட்டது. இவ்வெதிர்ப்பைப் பழைமைவாதம் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. குறியீட்டறிவினாற் பெற்ற செல்வாக்கைக் காக்கும் எண்ணம் சிலரிடம் இருந்திருக்கலாம். ஆயினும், உழைப்போரைக் கலந்தாலோசியாது அவர்தம் கருவியை மாற்றியமையே பிணக்கின் மூலம் என்பது எமது துணிபு. தொகுப்பி முதிர்ந்த பின்னர் 2015இல் புதிய பயனரிடையே நடத்தப்பெற்ற ஆய்வு, அதனால் அவர்களது பங்களிப்புப் பெருமளவு உயர்ந்ததாகக் காட்டவில்லை என்பதையும் ஈண்டு நினைவிற்கொள்ளுதல் வேண்டும். குறியீடு ஒரு தடைதான், தனித்த தடையன்று.

இனி, நிறுவும் முறையை நோக்குவோம். 2020க்கு முன்னர் பார்சொயிட் வேறொரு மொழிச் சூழலில், நோட் ஜேஎஸ் என்பதில், தனிச் சேவையாக இயங்கியது. மாதாந்தக் கட்டணத்திற்குப் பகிர்ந்தளிக்கப்படும் மலிவான வழங்கிகளில் அத்தகைய சேவையை இயக்க அனுமதி கிடைப்பது அரிது. இதனால் வசதி படைத்த நிறுவனங்களே காட்சித் தொகுப்பியைப் பயன்படுத்தக் கூடியதாயிருந்தது. பார்சொயிட் பீஎச்பீ மொழிக்கு மாற்றப்பட்டு, 2020 செப்ரெம்பரில் வெளியான மீடியாவிக்கி 1.35 பதிப்பில் தொகுப்பியும் அதுவும் உடனிணைக்கப்பட்ட பின்னரே சிறிய சங்கங்களுக்கும் இவ்வசதி எட்டியது. இன்று அமைப்புக் கோவையில் நீட்சியை ஏற்றும் ஒரு வரியைச் சேர்த்தலே பெரும்பாலும் போதுமானது. நீட்சியைத் தனியே பெறுவோர், மீடியாவிக்கியின் பதிப்பெண்ணுக்குரிய கிளையையே பெறவேண்டும். கிற் வழியாகப் பெறின், அதனுள் அடங்கிய துணைத் தொகுதியையும் சேர்த்து இறக்க வேண்டும். அதை மறந்தால் தொகுப்பி இயங்காது.

இருவகைத் தடங்கல்கள் அடிக்கடி நேர்வன. தலைப்பில் சாய்கோடு உள்ள துணைப்பக்கங்கள் மட்டும் திறவாது 404 என்னும் வழுவைத் தரின், அப்பாச்சி வழங்கி அச்சாய்கோட்டின் குறிமாற்றத்தை ஏற்க மறுக்கின்றது என்று கொள்ளலாம். அதனை அனுமதிக்கும் கட்டளையை வழங்கியின் அமைப்பிற் சேர்த்தல் வேண்டும். மற்றையது, உறுப்பினர் மட்டுமே வாசிக்கத்தக்க மூடிய விக்கிகளில் நேர்வது. 1.35ஐ ஒட்டிய பதிப்புகளில் தொகுப்பியானது தன் விக்கியையே வெளியாள் போல வலையமைப்பினூடாக அழைக்கும். அனுமதிச் சான்று இல்லாமையால் விக்கி தனக்குத்தானே கதவடைத்துவிடும். பயனரின் நுழைவுச் சான்றை உடன் அனுப்பும்படி அமைத்தலே இதற்குப் பரிகாரம். பிந்திய பதிப்புகள் பார்சொயிட்டை நேரடியாகவே அழைப்பதால் இத்தொல்லை நீங்கியுள்ளது. வார்ப்புருக்களைப் பயன்படுத்தும் விக்கிகள் 'ரெம்பிளேற் டேற்றா' என்னும் நீட்சியையும் சேர்த்தல் நன்று. ஒவ்வொரு வார்ப்புருவின் கூறுகளையும் தமிழில் விவரித்து வைத்தால், பயனர்க்கு அது படிவமாகத் தோன்றும். இவ்விவரிப்பை எழுதும் பொறுமை இல்லாத இடத்தில் தொகுப்பி அரைப் பயனே தரும்.

நிறுவுதல் ஒருநாட் பணி, பேணுதல் ஆண்டுக்கணக்கிலானது. மீடியாவிக்கியின் நீடித்த ஆதரவுப் பதிப்புகள் கால எல்லை உடையவை. 1.35க்கான ஆதரவு 2023 டிசெம்பரில் நின்றுவிட்டது, 1.43 பதிப்புக்கு 2027 டிசெம்பர் வரை ஆதரவுண்டு. காலங்கடந்த பதிப்பில் கண்டறியப்படும் பாதுகாப்புக் குறைகளைத் திருத்துவாரில்லை. தொகுப்பி மீடியாவிக்கியோடு ஒட்டியே நகர்வதால் ஒன்றை விட்டு மற்றதைப் புதுப்பிக்க இயலாது. 1.43க்குப் பீஎச்பீ 8.1 ஆவது வேண்டுமாதலால் வழங்கியையும் உடன் உயர்த்த நேரிடும். புதுப்பிக்குமுன் தரவுத்தளம், படிமங்களின் உறை, அமைப்புக் கோவை ஆகிய மூன்றையும் பிரதிசெய்து, வேறொரு கணனியில் அப்பிரதி திறக்கின்றதா என்பதையும் சோதித்தல் அவசியம். புதுப்பித்தபின் தரவுத்தளத்தை இசைவிக்கும் செய்நிரலை இயக்க வேண்டும். ஆண்டுதோறும் செயற்குழு மாறும் மாணவர் அமைப்புகளில், கடவுச்சொற்களும் இச்செய்முறைக் குறிப்புகளும் பட்டம் பெற்று வெளியேறுபவரோடு வெளியேறிவிடக்கூடும். பொருளாளர் கணக்கை ஒப்படைப்பதுபோல இவற்றையும் எழுத்தில் ஒப்படைக்கும் விதி வேண்டும். இப்பணிக்கு வரவுசெலவில் இடம் ஒதுக்காத அமைப்பு காட்சித் தொகுப்பியை நிறுவாதிருப்பதே மேல்.

தமிழில் எழுதுவோர்க்கு மேலும் ஒரு சோதனை தேவை. கண்ணுக்கு ஓரெழுத்தாகிய 'கி' கணனியினுள் இரு குறிகளாகவே உள்ளது. சுட்டி அவ்விரண்டின் நடுவே நில்லாது நகரவேண்டும். மீடியாவிக்கியின் மொழித் தெரிவு நீட்சி தமிழ் 99, பாமினி, ஒலிபெயர்ப்பு ஆகிய விசைமுறைகளை அளிக்கின்றது. தட்டச்சுப் பயின்ற எம்மவர் பலர்க்கும் பாமினியே கைவந்தது. ஆதலின், தளத்தைப் பொதுப் பயனுக்குத் திறக்குமுன், பாமினியிலும் தமிழ் 99இலும் தட்டச்சிடுவோர் இருவரையேனும் அமர்த்தி, ஒரு பத்தியும் ஓர் அட்டவணையும் ஓர் அடிக்குறிப்பும் காட்சித் தொகுப்பியில் எழுதச் செய்து, சேமித்த பின்னர் வரலாற்றுப் பக்கத்தைத் திறந்து, அவர்கள் தொடாத வரிகள் எவையேனும் மாறியுள்ளனவா என வரிக்குவரி பார்த்தல் வேண்டும்.