இறப்பர்ப் பாலும் தயோல் ஒட்சியேற்றமும்

பாலின் நிறைகொண்டு உழைப்பு அளக்கப்படும் இரத்தினபுரி, கேகாலை இறப்பர்த் தோட்டங்களில், பட்டை வறண்டு மரம் பால் மறுப்பின் வெட்டுபவரைக் குறை கூறுவதுண்டு. அஃது எப்பொழுதும் நேரிதன்று.

காயமுற்ற கலத்தில் தோன்றும் ஐதரசன் பரவொட்சைட்டு, புரதங்களிலுள்ள தயோல் என்னும் கந்தக–ஐதரசன் கூட்டத்தை ஒட்சியேற்றுகின்றது. அதனால் புரதத்தின் வடிவும் தொழிலும் மாறிக் காயச் செய்தி கலத்துட் பரவுகின்றது. குளுட்டாதயோன் முதலிய சிறு தயோல்கள் அப்புரதத்தைப் பழைய நிலைக்கு மீட்கும். மின்னாளியை இட்டு அணைப்பது போலாம்.

இடைநாளின்றி வெட்டி, எதெபோனும் மிகுதியாகத் தடவின் அச்சிறு தயோல்களின் இருப்புக் குன்றும். அப்பொழுது ஒட்சியேற்றம் செய்தியாக நில்லாது சேதமாகின்றது: பாலிலுள்ள லூட்டொயிட்டு என்னும் நுண்பைகள் உடைய, பால் குழாயினுள்ளேயே உறைந்துவிடும். வறட்சிக்கு ஒரு முதன்மைக் காரணம் இதுவே.

பாலிலுள்ள தயோல், சுக்குரோசு, பொசுபேற்று ஆகியவற்றை அளந்தால் மரத்தின் களைப்புப் பட்டை வறளுமுன்னரே பெரும்பாலும் புலப்படும். வெட்டு நாட்களையும் குறைக்கலாம்.