சூதுபவளத்தில் ஒரு துளை

அருங்காட்சியகத்தில் சிந்துவெளி நாகரிகத்தின் விரல் நீளச் சூதுபவள மணிகளைக் கண்ட வாசகர் ஒருவர், "இவற்றில் எதைக் கொண்டு துளை போட்டார்கள்?" என்று கேட்டு எழுதியிருக்கிறார். மணியின் சிவப்பை எல்லோரும் வியக்கிறோம். உழைப்பின் பெரும்பகுதி அதன் துளையில்தான் இருக்கிறது.

வில்லால் சுழற்றும் துரப்பணம் தச்சர்களுக்குப் பழக்கமானதுதான். ஆனால் சூதுபவளம் மரமல்ல. மோஸ் அளவுகோலில் அதன் கடினம் சுமார் 7. இரும்பு ஆணியால் கீறினாலும் தடம் விழாது. சிந்துவெளியிலோ இரும்பே புழக்கத்தில் இல்லை.

சிந்து மாகாணத்துச் சான்ஹுதாரோவில் 1935-36இல் அகழாய்வு செய்த எர்னஸ்ட் மக்கே, மணிப் பட்டறையோடு கல்லால் ஆன துரப்பண முனைகளையும் கண்டெடுத்தார். அந்தக் கல்லுக்குப் பிற்கால ஆய்வாளர்கள் அவர் நினைவாக 'எர்னஸ்டைட்' என்று பெயர் வைத்தார்கள். முனையின் வடிவம்தான் எனக்குத் தீராத வியப்பு. நுனி சற்று அகலம். அதற்குப் பின்னால் உடல் ஒடுங்கியிருக்கும். எங்கள் தோட்டத்தில் போர்வெல் போட்டபோது இதே அமைப்பைப் பார்த்தேன்: பிட் அகலம், பின்னால் இறங்கும் கம்பி ஒல்லி, இடையிலுள்ள சந்து வழியாகச் சேறு மேலேறி வந்தது. சூதுபவளத்துக்குள் இறங்கும் முனையும் உரசிச் சிக்காமல் இருக்க அந்த ஒடுக்கம் உதவுகிறது.

அப்படியும் வேலை நத்தை வேகம்தான். ஆய்வாளர் கெனோயரின் சோதனைகளில், ஒரு மணி நேரத்தில் சுமார் 2.5 மில்லிமீட்டரே இறங்கியது. பத்து சென்டிமீட்டர் நீள மணி ஒன்றுக்குத் துளைக்க மட்டுமே 40 மணி நேரம்! இரு முனையிலிருந்தும் துளைத்து, நடுவில் இரண்டும் சேரும்படி செய்தார்கள். கோணம் சற்றுப் பிசகினால் அத்தனை உழைப்பும் வீண். இத்தகைய மணிகள் மெசப்பொத்தேமியாவின் ஊர் நகரத்து அரச கல்லறைகள்வரை போயிருக்கின்றன.

நம் நொய்யல் கரைக் கொடுமணலிலும் துளையிட்டவை, துளையிடாதவை எனப் பல நிலைகளில் மணிகள் கிடைத்துள்ளன. குஜராத்தின் கம்பாத்தில் இந்தத் தொழில் இன்றும் உயிரோடு இருக்கிறது. வைரத் துணுக்கு பதித்த முனையை வில்லால் சுழற்றித் துளைக்கும் வழக்கம் அங்கே உண்டு. ஆனால் கல்லைத் தேய்த்து மெருகிடும்போது பறக்கும் தூசி, அங்குள்ள தொழிலாளர்களின் நுரையீரலைச் சிலிக்கோசிஸ் நோயால் அரிக்கிறது. தூசியை உறிஞ்சும் கருவி பொருத்தினால் பெருமளவு தடுக்கக்கூடிய நோய் இது. பழைய மணியைக் கண்ணாடிப் பேழையில் வைத்துப் போற்றும் நாடு, அதே கலையைச் செய்பவரின் மூச்சையும் காக்க வேண்டும். அந்தச் செலவை மணியின் விலையில் சேர்த்துக் கொடுக்க, வாங்கும் நாமும் தயங்கக் கூடாது.