தேக்கு நட்டால் காசு காய்க்குமா?

தெம்பனிஸுக்குப் பெயர் தந்ததே ஒரு மரம்தான். இரும்புபோல் இறுகிய தெம்பினிஸ். இப்போது இந்த வட்டாரக் காப்பிக் கடைகளில் வேறொரு மரத்தின் பேச்சு: "ஊரில் தேக்கு போட்டால் என்ன?"

சிங்கப்பூரிலேயே மரத்தோட்டம் போடலாமா?

நிலத்துக்கு எங்கே போவது? மரப் பாதுகாப்பு வட்டாரங்களிலும் காலி நிலங்களிலும் 1 மீட்டருக்கு மேல் சுற்றளவுள்ள மரத்தை வெட்டவே தேசியப் பூங்காக் கழகத்தின் அனுமதி வேண்டும்.

தமிழ்நாட்டில் நிலம் வாங்கி நடலாமா?

பலருக்கு இடிப்பது இங்கேதான். சிங்கப்பூர்க் குடிமகனிடம் ஓசிஐ அட்டை இருந்தாலும், இந்தியாவில் விவசாய நிலமோ தோட்ட நிலமோ பண்ணை வீடோ விலைக்கு வாங்க முடியாது. இந்தியக் கடப்பிதழோடு இங்கு வேலை செய்பவருக்கும் அதே தடை. பூர்வீகமாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். விற்பதென்றால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமக்களுக்குத்தான். "தம்பி பேரில் வாங்கிப் போடுகிறேன்" என்பவர்கள், மரம் முற்றும்வரை தம்பி மனசும் மாறாது என்று நம்ப வேண்டும். பினாமிச் சட்டம் வேறு இருக்கிறது.

15 ஆண்டில் தேக்கை வெட்டிவிடலாம் என்கிறார்களே?

வெட்டலாம், விலைதான் வராது. 1840களில் மலபார் கலெக்டர் கனோலி நிலம்பூரில் தேக்குத் தோட்டம் போட்டார். அதில் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. வனத்துறைத் தோட்டங்களில் 50, 60 ஆண்டு காத்திருப்பது வழக்கம். இள மரத்தை அறுத்துப் பாருங்கள்: நடுவில் தேன் நிறத்தில் சின்னதாக வைரம், சுற்றிலும் வெளிறிய கட்டை. பூச்சி அந்த வெளிறிய பகுதியைத்தான் பிடிக்கும்.

விலை மரத்தின் பருமனைப் பொறுத்தது. கன அளவு பார்க்க மரவாடிக்காரர் சுற்றளவில் கால் பங்கை எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, நீளத்தாலும் பெருக்குவார். 2 அடிச் சுற்றளவு, 10 அடி நீளம் என்றால் இரண்டரைக் கன அடி. சுற்றளவு 4 அடியானால் 10 கன அடி, அதாவது நாலு மடங்கு. நெருக்கி நட்டுவிட்டு இடையில் கழிக்காமல் விட்டால் தோட்டம் நிறையக் கம்புதான் மிஞ்சும்.

தஞ்சை வாய்க்கால் கரைகளில் தேக்கு செழிக்கிறதே என்று கேட்பார்கள். அது கரை, தண்ணீர் வடிந்துவிடும். வயலில் நிற்கும் தண்ணீர் தேக்குக்கு ஆகாது.

முகவர் காட்டும் மரத் திட்டத்தில் பணம் போடலாமா?

சென்னையில் அனுபவ் பிளான்டேஷன்ஸின் தேக்குத் திட்டம் 1998இல் நொடித்ததை மூத்த வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அடுத்த ஆண்டே இத்தகைய கூட்டு முதலீடுகளுக்கு இந்தியப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான செபி விதிகள் கொண்டுவந்தது. இங்கு நாணய ஆணையம் முதலீட்டாளர் எச்சரிக்கைப் பட்டியல் வைத்திருக்கிறது, பாருங்கள். ஆனால் பட்டியலில் பெயர் இல்லை என்பது நற்சான்றிதழ் ஆகாது.

ஒரு கணக்கும் போடுங்கள். "20 ஆண்டில் இரட்டிப்பு" என்றால் ஆண்டுக்கு மூன்றரை விழுக்காடுதான். மத்திய சேமநிதிச் சிறப்புக் கணக்கின் 4 விழுக்காட்டிலேயே 10,000 வெள்ளி ஏறக்குறைய 21,900 ஆகிவிடும்; கன்று வாடுமோ, காற்றில் சாயுமோ என்ற கவலையும் இல்லை.

அப்படியானால் மரமே வேண்டாமா?

பூர்வீக நிலமும் பார்த்துக்கொள்ள ஆளும் இருந்தால் சவுக்கு நடலாம். 3, 4 ஆண்டில் வெட்டுக்கு வரும். கரூர் காகிதபுரத்து ஆலைக்குக் கூழ்மரம் வேண்டும். எந்த மரமானாலும், அடுத்த முறை ஊருக்குப் போகும்போது கிராம நிர்வாக அலுவலரைப் பார்த்து அடங்கல் என்ற பயிர்ப் பதிவேட்டில் பதிந்துவிட்டு வாருங்கள்.