சுவர் இல்லாத வகுப்பறை

நான் படித்த பள்ளியின் விழா மலருக்கு ஒரு கட்டுரை கேட்டிருந்தார்கள். தச்சநல்லூரிலிருந்து பஸ் ஏறி, சுலோசன முதலியார் பாலம் தாண்டிப் போய்ப் படித்தவன் நான். கத்தோலிக்கப் பள்ளி, பெயர் இங்கே தேவையில்லை. யார் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்தோம், ஹாஸ்டலில் யார் யாரோடு சாப்பிட்டோம் என்று எழுதிக் கொடுத்தேன். 'நல்லாத்தான் இருக்கு தம்பி, மலருக்குச் சரிப்படாது' என்று திரும்பி வந்தது. வெளியான மலரில் கட்டடங்கள், தலைமையாசிரியர் பட்டியல், தேர்ச்சி விகிதம். பள்ளி வரலாறு என்றாலே நிர்வாகத்தின் சுயசரிதை என்றாகிவிட்டது. உட்கார்ந்தவர்களின் வரலாறு அதில் இல்லை.

அதை எங்கே தேடுவது? பள்ளியை விட்டுக் கோயிலுக்குப் போகவேண்டும், வடக்கன்குளத்துக்கு. 1872இல் அங்கே கட்டப்பட்ட திருக்குடும்ப ஆலயத்தை ஊரார் 'கால்சட்டைக் கோயில்' என்பார்கள். பீடம் ஒன்று, கால்கள் இரண்டு: ஒன்றில் பிள்ளைமார், இன்னொன்றில் நாடார் முதலானோர், நடுவே சுவர். சாதி இங்கே 'உள்ளே நுழைந்துவிட்ட குறை' இல்லை. கட்டட வரைபடமே அதுதான். 1910இல் சேசு சபைப் பாதிரியார் கௌசானல் அந்தத் தடுப்பை இடித்தார். பிள்ளைமார் வழக்குப் போட்டார்கள். ஆயர் பார்த் எதிர்வாதியாக இருந்த அந்த மைக்கேல் பிள்ளை வழக்கில், சாதியின் பேரால் கோயிலுக்குள் தனி இடம் கேட்கும் உரிமையைச் சென்னை உயர் நீதிமன்றம் 1916இல் ஏற்கவில்லை.

இதே கௌசானல்தான் 1903இல் பாளையங்கோட்டையில் திரு இருதய சகோதரர் சபையைத் தொடங்கியவர். பள்ளிக்கூடம் நடத்தும் துறவிகள். ஆக, கோயில் சுவரை இடித்த கையும் வகுப்பறையைக் கட்டிய கையும் ஒன்று. இதைப் பெருமையாக நிறுத்திக்கொண்டால் மலருக்குச் சரிப்படும். நான் கேட்பது வேறு: வகுப்பறையில் ஏன் ஆரம்பத்திலேயே சுவர் தேவைப்படவில்லை?

கோயிலில் இடம் என்பது குடும்பத்துக்கு உரியது. பாட்டன் முழங்காலிட்ட இடத்தில் பேரன் முழங்காலிடுவான். பள்ளியில் இடம் என்பது வருகைப் பதிவேட்டில் ஓர் எண். 1854 உட் அறிக்கைக்குப் பிறகு வந்த மானிய முறை பள்ளியை இன்ஸ்பெக்டரின் பார்வைக்குள் கொண்டுவந்தது. வயது, வகுப்பு, தேர்வு என்று பிள்ளைகள் வேறுவிதமாக அடுக்கப்பட்டார்கள். 1844இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883இல் திருச்சிக்குப் போன சூசையப்பர் கல்லூரி, 1923இல் பாளையங்கோட்டையில் வந்த சவேரியார் கல்லூரி எல்லாம் இந்த அடுக்குக்குள் வந்தவைதான். சாதி இந்த அடுக்கில் அழியவில்லை, மொழி மாற்றிக்கொண்டது. 'பீஸ் கட்டுறவன்', 'இங்கிலீஷ் வர்றவன்', 'நல்ல குடும்பத்துப் பையன்'. எனக்கு முன்பெஞ்சு கிடைத்தது. ஏன் என்று நான் அப்போது கேட்டதில்லை. கேட்கவேண்டிய அவசியமில்லாமல் இருப்பதுதான் முன்பெஞ்சு.

பாமாவின் 'கருக்கு' 1992இல் வந்தபோது பலருக்குச் சுருக்கென்றது இதனால்தான். கன்னியர் மடத்துக்குள் போய், ஆசிரியையாக இருந்து, வெளியே வந்த ஒரு தலித் பெண்ணின் சாட்சியம் அது. மலர்கள் எழுதாத வரலாறு.

இதைச் சொல்வதால் பள்ளியை மறுக்கிறேன் என்று ஆகாது. எங்க வீட்டின் முதல் எஸ்.எஸ்.எல்.சி. அந்தப் பள்ளி போட்ட பிச்சை என்பாள் ஆச்சி. 'பிச்சை இல்ல ஆச்சி, சம்பளம் சர்க்கார் குடுக்கு' என்பேன். அரசு உதவிபெறும் சிறுபான்மைப் பள்ளியின் அமைப்பு அப்படி: ஆசிரியர் சம்பளம் கஜானாவிலிருந்து, நியமனம் நிர்வாகத்தின் கையில். அரசியல் சட்டத்தின் 30ஆவது பிரிவு தந்த பாதுகாப்பு. பெரும்பான்மைவாதம் கொம்பு சீவும் காலத்தில் அதை விட்டுக்கொடுக்க முடியாது. ஆனால் அதே பிரிவின் நிழலில் நியமனத்துக்கு இடஒதுக்கீட்டுச் சுழற்சி கட்டாயமில்லை. 1950 குடியரசுத் தலைவர் ஆணையால் தலித் கிறிஸ்தவர் பட்டியல் சாதிக்கு வெளியே. தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில். அரசின் வாசலில் 'நீ கிறிஸ்தவன்', திருச்சபையின் வாசலில் 'நீ தலித்'. 2016இல் இந்திய ஆயர் பேரவை தன் தலித் கொள்கை ஆவணத்தில் சாதிப் பாகுபாட்டை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொள்வது பாவசங்கீர்த்தனம், பரிகாரம் நியமன ஆணையில் தெரியவேண்டும்.

2023இல் நாங்குநேரியில் ஒரு தலித் மாணவனை உடன்படித்தவர்களே வீடு புகுந்து வெட்டினார்கள். அதையடுத்து அமைந்த நீதிபதி சந்துரு குழு 2024இல் தந்த அறிக்கை கைக்கயிறு, நெற்றிப் பொட்டு பற்றியெல்லாம் பேசியது. கயிறு கண்ணுக்குத் தெரிகிறது, அறுக்கலாம். வடக்கன்குளத்துச் சுவரும் தெரிந்தது, இடிக்க முடிந்தது. தெரியாததை என்ன செய்வது?

முதல் வேலை சின்னது. ஒவ்வொரு பள்ளியும் அடுத்த மலரில் மூன்று பட்டியல் போடட்டும்: யார் சேர்ந்தார்கள், யார் பாதியில் நின்றார்கள், யார் வேலைக்கு எடுக்கப்பட்டார்கள். பதிவேடுகள் அலுவலக அலமாரியில்தான் இருக்கின்றன. திருப்பி அனுப்பப்பட்ட என் கட்டுரையை நான் திரும்பக் கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பட்டியல்களே எழுதிக்கொள்ளும்.